சொன் தே இரவும் ஒரு சிவப்புப் புள்ளியும்: உங்கள் இரண்டு கண்ணும் பார்க்கிறதா?

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1970 நவம்பர் 21 அதிகாலையில், வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்கு மேற்கே சுமார் 37 கிலோமீட்டர் தொலைவில் இருந்த சொன் தே சிறைமுகாமில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் 56 பேர் ஹெலிகாப்டர்களில் போய் இறங்கினார்கள். போர்க் கைதிகளை மீட்டு வருவதுதான் திட்டம். ஆனால் கைதிகளை ஜூலையிலேயே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் வெறுங்கையோடு கிளம்ப வேண்டியதாயிற்று. போர் வரலாறு படிப்பவர்கள் அந்தக் கதையை நிறையவே அலசியிருக்கிறார்கள். கண் பரிசோதனையே தொழிலாக இருக்கும் எனக்கு அதில் பிடித்தது, அவர்களுடைய துப்பாக்கிகளின் மேல் பொருத்தியிருந்த ஒரு சின்னக் குழாய்.

புளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்தில்தான் பயிற்சி நடந்தது. எல்லாருமே பொறுக்கி எடுத்த ஆட்கள். ஆனாலும் இருட்டில் சுட்டால் கிட்டத்தில் இருந்த இலக்குகூடத் தப்பியது. இதில் கையைக் குறை சொல்லிப் பயனில்லை, கண்ணின் அமைப்பே அப்படி. துப்பாக்கியின் மேல் இருக்கும் பழைய இரும்புக் குறியில் பின்னால் ஒரு துளை, முன்னால் ஒரு முள், அதற்கும் அப்பால் இலக்கு என மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். பகலில் கண்மணி சுருங்கியிருப்பதால் மூன்றும் ஓரளவு தெளிவாகத் தெரியும். இருட்டில் கண்மணி விரிந்துவிடும், முள்ளைப் பார்த்தால் இலக்கு மங்கும், இலக்கைப் பார்த்தால் முள் மங்கும். போதாக்குறைக்கு, விழித்திரையின் நட்ட நடுவில் இருட்டுக்கான கோல் செல்களே கிடையாது. நேராக உற்றுப் பார்க்கப் பார்க்கப் பொருள் காணாமல் போகும். ராத்திரி மங்கலான நட்சத்திரத்தைச் சற்று ஓரமாகப் பார்த்தால்தான் தெரிகிறதே, அதே சங்கதி.

ராணுவத்தின் சொந்தக் கிடங்கில் இதற்குப் பொருத்தமான கருவி இல்லை. கடைசியில் கைகொடுத்தது சிங்கிள்பாயிண்ட் என்ற, யாரும் வெளியில் காசு கொடுத்து வாங்கக்கூடிய குறிக் கருவி. பார்க்க டெலஸ்கோப் போலவே இருக்கும், ஆனால் முன்பக்கம் அடைத்திருக்கும்! அதன் வழியாக எதையும் பார்க்க முடியாது. உள்ளே கருப்புப் பின்னணியில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும். ஒரு கண் அந்தப் புள்ளியைப் பார்க்க, இன்னொரு கண் வெளியே இலக்கைப் பார்க்கும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் மூளை இரண்டு காட்சியையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இலக்கின் மேலேயே புள்ளி மிதப்பதுபோல் காட்டிவிடும். உள்ளே இருக்கும் லென்ஸ் புள்ளியைத் தொலைவில் இருப்பதுபோல் காட்டுவதால் கண் ஃபோகஸை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. சிவப்பு நிறத்திலும் காரணம் இருக்கிறது, கோல் செல்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக உறைக்காது, இருட்டுக்குப் பழகிய பார்வை கெடாது.

இப்போது என் அறைக்கு வாருங்கள். மேடாக்ஸ் ராட் என்று ஒரு சிவப்புக் கண்ணாடி வைத்திருக்கிறேன், வரிவரியாக இருக்கும். அதை ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்து எதிரே ஒரு விளக்குப் புள்ளியைக் காட்டினால், அந்தக் கண்ணுக்கு விளக்கு சிவப்புக் கோடாகவும் மற்றக் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளியாகவும் தெரியும். "கோடு புள்ளிக்கு மேலேயே போகுதா, தள்ளிப் போகுதா?" என்று கேட்பேன். "தள்ளி… இல்ல சார், இப்ப இன்னும் நகருது" என்பார்கள் சிலர். இரண்டு கண்ணுக்கும் பொதுவான காட்சி இருக்கும்வரை மூளை கண்களை இழுத்துப் பிடித்து ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும். வேறு வேறு காட்சி கொடுத்தால் பிடி தளர்ந்து, கண் தன் ஓய்வு நிலைக்குப் போய்விடும். இந்த மறைந்திருக்கும் விலகலுக்கு ஃபோரியா என்று பெயர்.

அந்தக் குழாய் செய்வதும் இதே வேலைதான். ஆகவே வீரனின் கண்ணில் எவ்வளவு விலகல் இருக்கிறதோ, புள்ளியும் அவ்வளவு தள்ளி நிற்கும். ஒரு ப்ரிஸம் டயாப்டர் என்பது ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் விலகல். 25 மீட்டரில் அது 25 சென்டிமீட்டர், 100 மீட்டரில் முழுசாக ஒரு மீட்டர். தூரப் பார்வையில் ஒன்று இரண்டு டயாப்டர் இருப்பது நோயே இல்லை, உங்களுக்கும் எனக்கும் இருக்கலாம். குறியை அவரவர் கண்ணுக்குத் திருத்திக்கொள்ளலாம்தான். ஆனால் ஒருவருக்குத் திருத்தியது அடுத்தவருக்குப் பொருந்தாது, களைப்பில் அவருக்கே மாறும். முகாமுக்குள் கிட்டத்தில் நடக்கும் சண்டைக்கு இது போதும், தூரத்துக்குச் சரிப்படாது. புள்ளியும் இலக்கும் ஒரே கண்ணாடி வழியாகத் தெரியும் வித்தையை அயர்லாந்தின் டெலஸ்கோப் வல்லுநர் ஹோவர்ட் கிரப் 1900-லேயே காட்டிவிட்டார், விமானத் துப்பாக்கிகளுக்கும் அது போனது. கைத்துப்பாக்கியிலும் ரைஃபிளிலும் வைக்கும் அளவுக்குச் சிறிதாக, பேட்டரியில் ஓடும் வகையை 1975-இல் சுவீடனின் எய்ம்பாயிண்ட் கொண்டுவந்தது. அதில் ஒரு கண்ணே இரண்டையும் பார்ப்பதால் ஃபோரியா குறுக்கே வராது.

சரி, துப்பாக்கியே தொடாத நமக்கு இதெல்லாம் எதற்கு? அந்தக் குழாயை எடுத்துப் பார்க்கும் சிலருக்குப் புள்ளி மட்டும் தெரியும், இலக்கு தெரியாது, அல்லது நேர்மாறாக. ஒரு கண்ணின் காட்சியை மூளை மொத்தமாக ஒதுக்கிவிட்டது என்று அர்த்தம். சோம்பேறிக் கண், அதாவது ஆம்ப்லியோபியா உள்ளவர்களுக்கு இப்படி ஆகும். போலீஸ், ராணுவ ஆள்சேர்ப்புக்கு முன்னால் சர்டிபிகேட் கேட்டு வரும் பையன்களிடம் இதைப் பார்க்கிறேன். நல்ல கண்ணை மூடச் சொன்னதும் தலை லேசாகத் திரும்பும், விரல் இடுக்கு திறக்கும். வேண்டுமென்றே ஏமாற்றுவதில்லை, பாவம், அந்தக் கண்ணால் மட்டும் பார்த்துப் பழக்கமே இல்லை. "பல்பு மங்கலா இருக்கு சார்" என்றுகூடச் சொல்வார்கள். மறு கண் நன்றாக இருந்ததால் பள்ளியிலும் வீட்டிலும் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. அந்த வயதில் கண்ணாடி போட்டாலும் கடைசி வரி தெரியாது. அவன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை.

பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம், அல்லது மாறுகண். பவர் வித்தியாசம் வெளியில் தெரியவே தெரியாது. மாறுகண் தெரியும், ஆனால் அது அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. குழந்தையின் பார்வையை அடகு வைத்து வருகிற அந்த அதிர்ஷ்டம் என்ன அதிர்ஷ்டமோ!

வீட்டில் ஒன்று செய்யுங்கள். குழந்தை டிவி பார்க்கும்போது ஒவ்வொரு கண்ணாக அட்டையால் மறையுங்கள், விரலால் வேண்டாம். ஒரு கண்ணை மறைத்தால் சும்மா இருந்து, மற்றதை மறைத்தால் அட்டையைத் தட்டிவிட்டு அழுதால், தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு முழுப் பரிசோதனை வேண்டும். பலருக்குக் கண்ணாடி போட்டதுமே பார்வை ஏறத் தொடங்கும். போதாவிட்டால் நல்ல கண்ணை மறைத்துக் கட்டுவோம், நடுத்தர அளவுக் குறைக்கு நாளுக்கு இரண்டு மணி நேரமே போதும். ஏழு வயதுக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். பதின்வயதிலும் சிலருக்கு முன்னேற்றம் கிடைக்கிறது, ஆனால் மெதுவாக, குறைவாக. பிள்ளை அந்தக் கட்டைப் பிய்த்துப் போடும், முதல் வாரம் வீடே ரணகளமாகும். அப்போதுதான் பல அம்மாக்கள் எனக்குப் போன் செய்வார்கள், "இன்னிக்கு மட்டும் விட்டுடலாமா சார்?" என்று. கூடாது. அந்த நேரத்தில் வரைய, வண்ணம் தீட்டக் கொடுங்கள், கட்டு கண்ணில் தங்கும்.