சாலிக் சட்டம்: பங்காளிக்கா, மருமகனுக்கா?

ஐரோப்பிய அரச குடும்பங்களில் வாரிசுச் சண்டை என்றாலே ‘சாலிக் சட்டம்’ என்ற பெயர் அடிபடும். பெண் அரியணை ஏறக் கூடாது. பெண் வழியாக உரிமை கேட்டு வருபவனும் ஏறக் கூடாது. இன்று அதற்குப் பொருள் இதுதான். சாலி என்றதும் நமக்கு நெல் நினைவுக்கு வரும்; இது வேறு. சாலியர் என்பது பிராங்க் இனத்தாரில் ஒரு பிரிவினர். அந்தப் பிராங்க்தான் அரபு, பாரசீகம் வழியாக நம்மிடம் வந்து ‘பரங்கி’ ஆனது. பரங்கிக்காயில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதே பெயர்தான்.

6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிராங்க் மன்னர் குளோவிஸ் காலத்தை ஒட்டி, லத்தீனில் தொகுக்கப்பட்ட சட்டம் இது. பிரித்துப் பார்த்தால் அரியணையைப் பற்றிப் பேச்சே இல்லை. பன்றி திருடினால் எவ்வளவு அபராதம், திருடியது பால்குடிக் குட்டியா வளர்ந்ததா என்றெல்லாம் பார்த்துப் பார்த்து வகுத்திருக்கிறார்கள். சொத்துப் பகுதியில், சாலிக் நிலம் பெண்ணுக்குச் சேராது என்று ஒரு விதி வருகிறது. அவ்வளவுதான்.

1328இல் பிரான்ஸ் மன்னர் நான்காம் சார்லஸ் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். போட்டிக்கு இருவர். ஒருவர் அவருடைய தங்கை இசபெல்லாவின் மகன், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட். இன்னொருவர் சித்தப்பா மகன், வலுவா குடும்பத்துப் பிலிப். நம் முறையில் சொன்னால் மருமகனும் பங்காளியும். பங்காளி ஜெயித்தார். அதன் பகை 1337இல் நூறாண்டுப் போராக மூண்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பன்றிச் சட்டத்தைத் தேடியெடுத்து இந்த முடிவுக்கு முட்டுக் கொடுத்ததே பல ஆண்டுகள் கழித்துத்தான்.

அப்புறம் இது பல அரண்மனைகளில் புகுந்தது. 1837இல் பெரியப்பா இறந்தபோது 18 வயது விக்டோரியாவுக்குப் பிரிட்டன் கிடைத்தது. அதே மன்னர் ஆண்ட ஜெர்மன் நாடான ஹனோவரோ சித்தப்பா எர்னஸ்ட் அகஸ்டஸுக்குப் போனது. 1890இல் 10 வயது வில்ஹெல்மினா நெதர்லாந்தின் அரசியானாள். அவள் தந்தை ஆண்ட லக்ஸம்பர்கோ 73 வயதுத் தூரத்துப் பங்காளி அடால்ஃபின் கைக்கு மாறியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய தொகுப்பைக் குறிக்கும்போது சாலிக் சட்டம் என்றே எழுதலாம். வாரிசு விதிக்கு ‘ஆண்வழித் தாயம்’ பொருத்தமாகப் படுகிறது. தாயம் என்றால் வழிவழியாக வரும் உரிமை. புறநானூறு அரசுரிமையையே ‘பழவிறல் தாயம்’ என்கிறது. தாயாதியும் இந்தத் தாயத்தோடு சேர்ந்த சொல்தான். அதில் தாயைத் தேடக் கூடாது. தாயாதி தந்தை வழிப் பங்காளி. ‘ஆண் வாரிசுச் சட்டம்’ என்று சிலர் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. எட்வர்டும் ஆண்தானே! அவர் தாய் வழியாக உரிமை கேட்டு வந்ததுதான் தடையானது.

இதற்கு நேர் எதிரான முறைக்கு நம்மிடம் பெயர் தயாராகவே இருக்கிறது: மருமக்கள்தாயம். திருவிதாங்கூர் அரண்மனையில் மன்னருக்குப் பின் பட்டம் சகோதரியின் மகனுக்குப் போனது. பாரிஸிலும் அந்த வழக்கம் இருந்திருந்தால் கிரீடம் எட்வர்டுக்குத்தான்.