அரிமானத் தடை: ஒரு சொல் விளக்கம்

டைட்டானியம் போன்ற உலோகத்தின் ‘கரோஷன் ரெசிஸ்டன்ஸ்’ என்ற பண்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? கடலோர வீட்டின் ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையில் செம்பழுப்பாக ஒட்டுவது துரு. செம்புப் பாத்திரத்தில் பச்சையாகப் படிவது களிம்பு. செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்லும் அளவுக்கு அது பழகிய சொல். ஆனால் எல்லா உலோகத்துக்கும் பொதுவாக இந்த இரண்டும் உதவாது. துரு இரும்புக்கு மட்டுமே உரியது. டைட்டானியம் துருப்பிடிக்காது என்று எழுதினால் அது செய்தியே இல்லை, அலுமினியமும்தான் துருப்பிடிக்காது.

பொதுச்சொல் அரிமானம். ஆங்கிலத்தின் ‘கரோஷன்’ லத்தீனில் ‘கொறித்துத் தின்னு’ என்ற பொருள் தரும் வினையிலிருந்து வந்தது. எலி வகைக்கான ‘ரோடன்ட்’ என்ற பெயரும் அதே வேர்தான். தமிழிலும் செல்லரித்த ஏடு என்கிறோம். இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றன. சரி, அரிப்பு என்றே சொல்லிவிடலாமே? மண் அரிப்பில் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகிறது. இங்கே நடப்பதோ வேதிவினை. இரண்டையும் பிரித்துக் காட்ட, தேய்மானம் போல அரிமானம் என்று ஆக்கிக்கொண்டது நல்ல வேலை.

அப்புறம் ‘ரெசிஸ்டன்ஸ்’. எதிர்ப்பு, தாங்குதிறன், தடை மூன்றும் புழங்குகின்றன. டைட்டானியத்துக்குப் பொருந்துவது தடைதான் என்பது என் உறுதியான கருத்து. தாங்குதிறன் என்றால் அரிபட்டும் பொறுத்துக்கொள்கிறது என்றாகும். எதிர்ப்பு என்றால் எதனோடும் சேராத உலோகம் என்று தோன்றும். உண்மை நேர்மாறு: டைட்டானியம் ஆக்சிஜனைக் கண்டால் விடாது. புதிதாக வெட்டிய முகத்தில் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் மூடிவிடும். கீறினால், காற்றோ ஈரமோ இருக்கும்வரை, கீறலும் தானாக மூடிக்கொள்ளும். இரும்பின் துரு பொலபொலவென்று உதிர்ந்து உள்ளிருப்பதைக் காட்டிக்கொடுக்கும். இந்தப் படலமோ உலோகத்தோடு இறுகி, வாசலை அடைத்து நிற்கும். தடை என்ற சொல் அந்த வேலையை அப்படியே சொல்கிறது. கடல்நீரால் குளிர்விக்கும் மின்நிலையங்களின் கண்டன்சர் (நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கருவி) குழாய்களுக்கு டைட்டானியத்தைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

உலோகத்தின் பெயருக்குத் தமிழாக்கம் தேவையில்லை. 1791இல் வில்லியம் கிரெகர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக் கருமணலில் இதைக் கண்டார். 1795இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் கிரேக்கப் புராணத்தின் டைட்டன்களை வைத்துப் பெயரிட்டார். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கருமணலிலும் டைட்டானியம் தரும் இதே இல்மனைட் தாது உண்டு.

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. அரிமானத் தடை என்று எழுதும்போது எந்தச் சூழலில் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தைச் சமாளிக்க, கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் டான்டலம், நியோபியம் என்ற உலோகங்களைச் சேர்த்த டைட்டானியக் கலவை ஒன்றை உருவாக்கினார்கள். சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வெறும் டைட்டானியத்தின் படலம் கரைந்துபோகும், 0.12 முதல் 0.25 விழுக்காடு பல்லேடியம் சேர்த்தால் தடை வெகுவாகக் கூடும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்திடம் தடை அறவே இல்லை. குளோரினில் விஷயம் இன்னும் நுட்பமானது: ஈரக் குளோரினை டைட்டானியம் ஆண்டுக்கணக்கில் தடுக்கும், உலர்ந்த குளோரினில் தீப்பற்றியே எரியும். படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அந்தச் சிறிது ஈரம் வேண்டும்.