ஜேஆர்எஃப் உதவித்தொகை: தேர்வில் வென்றபின் பணம் நிற்கும் இடங்கள்

மருந்துக்கு அடங்காத பாக்டீரியா ஆஸ்பத்திரிச் சாக்கடையிலிருந்து வாய்க்காலுக்கும் இறால் குட்டைக்கும் எப்படிப் பரவுகிறது என்று ஆராய, தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவர்களுக்கு ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளருக்கான மத்திய அரசு உதவித்தொகை) பெரிய துணை. அதற்கு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் உயிர் அறிவியல் தாள் எழுத வேண்டும். முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000.

வயது வரம்பு 30. ஓபிசிக்கு (மத்தியப் பட்டியலில் உள்ள பிற்படுத்தப்பட்டோருக்கு) 5 ஆண்டு தளர்வு உண்டு. பலர் வழுக்குவது இங்கேதான். கையிலிருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. இ-சேவை மையத்தில் ஓபிசி சான்றிதழுக்குத் தனியாக மனுப் போடுங்கள். அதற்குமுன், உங்கள் சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். வசதியானவர்களை ஓபிசி சலுகையிலிருந்து விலக்கும் கிரீமி லேயர் வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அதில் சேராது (அவர்கள் வகிக்கும் அரசுப் பதவி தனிக் கணக்கு). நெல் விற்ற பணத்தையும் கூட்டி மனுவைத் தள்ளினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மணமான பெண்ணுக்கும் பெற்றோர் நிலைதான் கணக்கு. கணவரின் வருமானச் சான்று கேட்டு அலைக்கழிப்பது வீண்வேலை.

சேர்ந்தபின் அலைச்சல் வேறு மாதிரி. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பணம் கனரா வங்கித் தளம் வழியாக வருகிறது. கல்லூரியில் மேக்கர் என்பவர் அந்தத் தளத்தில் மாதாமாதம் பதிய வேண்டும், செக்கர் என்பவர் அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் லீவில் போனாலும் உங்கள் பணம் நிற்கும். இருவர் பெயரையும் சேர்ந்த அன்றே தெரிந்துகொள்ளுங்கள். மாதிரி எடுக்கக் கோடியக்கரை போன நாளுக்கு 'ஆப்சென்ட்' விழாமலிருக்க, நெறியாளர் கையெழுத்திட்ட களப்பணிக் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.

42,000 தானாக வராது. வெளி நிபுணர் உட்பட மூவர் குழு உங்கள் வேலையைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். அந்த நிபுணரின் தேதி கிடைப்பதே பாடு, 20-ஆம் மாதத்திலேயே கேட்கத் தொடங்குங்கள். நோயாளி மாதிரிக்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், அது இழுக்கும். வரும்வரை கைகட்டி உட்காராமல் வாய்க்கால் நீரிலும் சாக்கடை நீரிலும் தொடங்கினால்தான் மூவர் முன் காட்ட ஏதாவது இருக்கும்.

சில்லறைச் செலவுக்கு முதல் 2 ஆண்டும் ஆண்டுக்கு 12,000. பாக்டீரியா வளர்க்கும் முல்லர்-ஹின்டன் அகாருக்கும் மருந்து தோய்த்த ஆன்டிபயாட்டிக் டிஸ்க்குக்குமே போதாது. இதில் மேசை நாற்காலி வாங்கக் கூடாது.

விடுதி இடம் தந்தும் வேண்டாமென்றால் வாடகைப்படி போச்சு. விடுதியே இல்லையென்றால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். வாடகைப்படி ஊரின் பிரிவைப் பொறுத்தது. திருச்சி ஒய் பிரிவு. தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் இசட், அங்கே உதவித்தொகையில் தரும் சதவீதம் ஒய் பிரிவில் பாதிதான்.