"குற்றத்தை ஒத்துக்கொள், அபராதத்தோடு முடிந்துவிடும்" என்று சொல்வதை நம்பாதீர்கள்

போன வாரம் கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வராண்டாவில் ஒரு தாய், அபராதப் பணத்தை உறையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் சில மாதங்களுக்கு முன் புக்கிட் பிந்தாங் கிளப் ஒன்றில் நடந்த ரெய்டில் பிடிபட்டவன். "ஒத்துக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும் என்கிறார்களே சார், ஒத்துக்கொள்ளட்டுமே" என்றார். கிரிமினல் வழக்குகளே என் தொழில். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

முடியாதம்மா. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில், போதைப்பொருளை உட்கொண்ட குற்றத்துக்கான 15ஆவது பிரிவில் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. எல்லோருக்கும் நினைவில் நிற்பது அபராதம் மட்டும்தான். குற்றவாளி என்று தீர்ப்பானால் 38பி பிரிவின்படி 2 முதல் 3 ஆண்டுகள் வரை கண்காணிப்பும் உண்டு. அதாவது, சொன்ன தேதியில் போய் நிற்க வேண்டும், சிறுநீர் கொடுக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பித்தால் அந்தப் பதிவும் கூடவே வரும். ஏற்கெனவே இரண்டு முறை தண்டிக்கப்பட்டவர் மறுபடியும் மாட்டினால் 39சி பிரிவு: 5 முதல் 7 ஆண்டு சிறை, 3 பிரம்படி வரை. சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் 21 வயதுப் பையன் கையெழுத்திடுவது இதற்குத்தான்.

அடுத்து, "சிறுநீர் டெஸ்ட் பாசிட்டிவ் வந்துவிட்டதே, இனி என்ன?" என்பார்கள். பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், செய்வது முதற்கட்டச் சோதனை. சில சளி, இருமல் மருந்துகளுக்குக்கூட அது பாசிட்டிவ் காட்டும். வழக்கைத் தாங்குவது ஆய்வக அறிக்கை. நீங்கள் சாப்பிட்ட மருந்தின் பெயரை அங்கேயே சொல்லுங்கள், மருந்துச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சிறுநீர்ப் போத்தலில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா, உங்கள் கண்ணெதிரே மூடி முத்திரையிட்டார்களா என்று பாருங்கள். இதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

கிளப்புக்குப் போவது குற்றமில்லை. ரெய்டு நடத்துவது போலீஸின் வேலை, மறுக்கவில்லை. ஆனால் கூட்டமாக லாரியில் ஏற்றினாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உரிமை உண்டு. "நான் கைதா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கைது என்றால், காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை அணுகவிட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும். அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. குடும்பத்துக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லும் உரிமை, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவில் இருக்கிறது. பெண்ணைப் பெண் அதிகாரிதான் சோதிக்க வேண்டும். சாதாரண உடையில் வந்தவரிடம் அதிகார அட்டையைக் கேட்கலாம்: இன்ஸ்பெக்டருக்கும் மேலே உள்ளவர்களுக்கும் நீலம், கீழே உள்ளவர்களுக்கு மஞ்சள். சிவப்பு அட்டை என்றால் பணி இடைநீக்கத்தில் இருப்பவர், அவருக்கு உங்கள்மீது எந்த அதிகாரமும் இல்லை.

கத்தாதீர்கள், ஓடாதீர்கள், கையை உதறாதீர்கள். ஐசியை, அதாவது அடையாள அட்டையை, காட்டுங்கள். வாக்குமூலத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், மலாய் சரியாகப் புரியவில்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. "காப்பி காசு" கொடுத்து வெளியே எடுக்கிறேன் என்று வரும் தரகரைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். லஞ்சம் கொடுப்பதும் குற்றம்.

இன்னொன்று, இதைக் கோபமாகவே சொல்கிறேன். முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளின் வீடியோவை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்களே, அவர்கள்மேல் இன்னும் வழக்கே இல்லை. பலர் சோதனை முடிந்து அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். ஆனால் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையா? 2012 முதல் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை குடிமக்களுக்குக் கைது, தடுப்புக் காவல் (ரிமாண்ட்), ஜாமீன் கட்டங்களில் உதவுகிறது. தடுப்புக் காவல் விசாரணைக்கு முன்பே கேளுங்கள். லோக்காப்பில் ஃபோன் உங்கள் கையில் இருக்காது. அதனால் வீட்டு எண்ணில் ஒன்றையாவது மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.