செத்த ஸ்விட்ச் சாட்சி சொல்லாது

நான் பராமரிக்கும் ஆலை ஒன்றில் இரண்டாம் மாடியில் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் வாரத்துக்கு ஓரிரு முறை நள்ளிரவில் தானாக அணைந்து எழுந்துகொண்டிருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் அதற்கு ஒன்றும் நினைவிருக்காது. தன் லாகை, அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவை, அது வைத்திருப்பது ராம் நினைவகத்தில். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். எழுந்ததும் எழுதும் முதல் வரியில் தேதி மார்ச் 1 என்று இருந்தது. நாங்கள் இருந்ததோ ஆடி மாதத்தில். நேரம் அமைக்கப்படாத பழைய சிஸ்கோ கருவிகளுக்கு ஒவ்வொரு விடியலும் 1993 மார்ச் 1தான்.

ஸ்விட்ச் பழுது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார்கள். அதுவும் அணைந்தது. அடுத்ததையும் வாங்குவதற்கு முன் ஒரு பழைய கணினியைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, மற்ற கருவிகளின் லாகை வாங்கி வைக்கும் லாக் சர்வர் ஆக்கினேன்.

வேலை பெரிதல்ல. லாகை வாங்கி எழுதும் ஆர்சிஸ்லாக் என்ற நிரல் உபுண்டுவிலேயே இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் லாக் வரிகள் வந்து சேரும் வாசலான யூடிபி 514 போர்ட்டுக்கான இரண்டு வரிகள் முன்னால் ஒரு குறியுடன் செயலற்றுக் கிடக்கும். குறியை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினால் சர்வர் கேட்கத் தயார். ஸ்விட்ச் பக்கம் சர்வரின் ஐபி முகவரியைச் சொன்னால் போதும்.

ஆனால் முதல் நாள் ஒரு மணி நேரம் விழித்தேன். நெட்வொர்க்கில் வருவதைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தால் தரவுப் பாக்கெட்டுகள் வந்து விழுகின்றன. கோப்பில் ஒரு வரிகூட இல்லை. வந்த பாக்கெட்டை சர்வரின் காவலான ஃபயர்வால் தடுப்பதற்கு முன்பே டிசிபிடம்ப் பார்த்துவிடும் என்பது தெரிந்தும் மறந்திருந்தேன். போர்ட்டைத் திறந்தேன், அப்போதும் கோப்பு காலி. லாக் வைக்க நான் உருவாக்கிய அடைவு ரூட் என்ற நிர்வாகப் பயனருக்குச் சொந்தமாக இருந்தது. உபுண்டுவில் ஆர்சிஸ்லாக் எழுதுவதோ சிஸ்லாக் என்ற பயனரின் பெயரில். உரிமையை மாற்றிய அடுத்த நொடி வரிகள் கொட்டத் தொடங்கின.

முதலில் வந்த ஒரு வரியின் தலையில் 189 என்ற எண். அதை எட்டால் வகுத்தால் ஈவு 23, மீதி 5. 23 என்பது லோக்கல்7 என்ற வகை, சிஸ்கோ வழக்கமாகப் பயன்படுத்துவது. மீதி 5தான் தீவிர நிலை. இது 0 முதல் 7 வரை போகும். எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். டிஸ்க் நிரம்பிவிடும் என்று பயந்து பலரும் 4, அதாவது எச்சரிக்கை நிலையோடு நிறுத்திவிடுகிறார்கள். அமைப்பை யாரோ மாற்றினார்கள் என்ற செய்தி சிஸ்கோவில் வருவது 5ஆம் நிலையில். திருடனைக் காட்டும் வரியை நாமே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறோம். 6 வரை வாங்குங்கள். 7 பிழைதிருத்தத்துக்கு, அதைத் திறந்துவிட்டு மறந்தால்தான் டிஸ்க் உண்மையில் நிரம்பும். பழைய கோப்புகளைச் சுருக்கிக் கழிக்க லாக்ரொட்டேட் போடுங்கள். எத்தனை நாள் வைப்பது என்பதற்கு இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு 180 நாள் என்கிறது.

யூடிபியில் அனுப்பியவனுக்கு ரசீது கிடையாது. சர்வர் படுத்துக் கிடந்தாலும் ஸ்விட்ச் பேசிக்கொண்டே இருக்கும். முக்கியமான ஃபயர்வால் கருவி ஒன்றுக்கு, இணைப்பை உறுதிசெய்து மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ் வழி, 6514 போர்ட்டில் அமைத்தேன். மற்றவற்றுக்கு யூடிபியே போதும் என்பது என் கணிப்பு.

எல்லாக் கருவிகளையும் சரியான நேரம் சொல்லும் ஒரே என்டிபி சர்வரோடு இணைத்ததுதான் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம். ஒவ்வொரு வரியிலும் கருவி சொல்லும் நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் எழுதவைத்தேன். கோப்புக்குப் பெயர் கருவியின் ஐபி முகவரி.

நான்காம் நாள் இரவு அது மறுபடி அணைந்தது. அதன் கோப்பில் எதுவும் இல்லை. மின்சாரம் போகும் நொடியில் அதற்கு ஏது வாய்? ஆனால் கீழ்த்தளத்தில் இருந்த மைய ஸ்விட்சின் கோப்பில், மாடிக்குப் போகும் ஒயரைச் செருகிய போர்ட் 2.14க்கு விழுந்ததாகவும் 2.17க்கு எழுந்ததாகவும் இரண்டு வரிகள். பக்கத்து வீட்டுக்காரன் சாட்சி சொல்லிவிட்டான்.

காலையில் வாயிற்காவலரிடம் ஜெனரேட்டர் டீசல் நோட்டைக் கேட்டேன். 2.15, கரண்ட் கட் என்று பேனாவால் எழுதியிருந்தார். மாடி ரேக்கின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். மற்ற ஒயர்களெல்லாம் யூபிஎஸ் பலகைக்குப் போக, அந்த ஒரு ஸ்விட்சின் ஒயர் மட்டும் சுவரில் இருந்த சாதாரண பிளக்கில் செருகியிருந்தது.