என்.சி.சி. கடற்படைப் பிரிவு: யார் சேரலாம், என்ன கற்பிக்கிறார்கள், சான்றிதழ் எதற்கு?

மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு வந்த பிறகு "எனக்கும் சி சான்றிதழ் வேண்டும்" என்று என்.சி.சி. (தேசிய மாணவர் படை) அலுவலரைத் தேடிப் போகும் மாணவருக்குக் காலம் ஏற்கெனவே கடந்துவிட்டது. என்.சி.சி. பயிற்சிக்கு ஏ, பி, சி என மூன்று நிலைச் சான்றிதழ்கள் உண்டு. பி சான்றிதழுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி வேண்டும். சி சான்றிதழுக்கு அதற்கு மேலும் ஓராண்டு. ஆகவே முதலாம் ஆண்டிலேயே சேர்ந்துவிட வேண்டும். பொறியியல் படிப்பவர்களுக்கு ஓராண்டு கூடுதலாக இருப்பதால் கொஞ்சம் மூச்சுவிட இடமுண்டு.

தேசிய மாணவர் படை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கப்பட்டது. தரைப்படைப் பிரிவில் தொடங்கிய அதில், கடற்படைப் பிரிவு 1952இல் சேர்ந்தது. பள்ளி மாணவர்கள் 13 வயதிலிருந்து இளநிலைப் பிரிவில் சேரலாம். கல்லூரி மாணவர்களுக்கு முதுநிலைப் பிரிவு. மாணவிகளும் சேரலாம். ஒரு நிபந்தனைதான் பலருக்குத் தடையாகிறது: நீங்கள் படிக்கும் பள்ளியிலோ கல்லூரியிலோ கடற்படைப் பிரிவு இருக்க வேண்டும். தரைப்படைப் பிரிவு மட்டும் உள்ள கல்லூரியில் இருந்துகொண்டு கடற்படைச் சான்றிதழ் பெற முடியாது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. சீருடை, முகாம் உணவு, தங்குமிடம் ஆகிய செலவுகளை அரசே ஏற்கிறது. "சேர்ந்தால் போருக்கு அனுப்பிவிடுவார்களோ?" என்ற பயம் இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. என்.சி.சி.யில் சேர்ந்த எவருக்கும் ராணுவத்தில் பணியாற்றும் கடமை இல்லை என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது.

அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, பொது அறிவு போன்றவை எல்லாப் பிரிவுகளுக்கும் பொது. கடற்படை மாணவருக்கென்று தனியாக இருப்பதுதான் சுவையான பகுதி. கடற்படையின் மூன்று மண்டலத் தலைமையகங்கள் எவை என்பதில் பாடம் தொடங்குகிறது: மும்பையில் மேற்கு, விசாகப்பட்டினத்தில் கிழக்கு, கொச்சியில் தெற்கு. டிசம்பர் 4 ஏன் கடற்படை நாள் என்றால், 1971 போரில் அன்றிரவு இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சி துறைமுகத்தைத் தாக்கின. அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளம் என்பதையும், நெல்லைச் சீமையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளோடு பேசும் வானொலி நிலையம் என்பதையும் தமிழ்நாட்டு மாணவர் தெரிந்துவைத்திருப்பது அழகு.

அடுத்து மாலுமிக் கலை: முடிச்சுகள், நங்கூரம், துடுப்புப் படகு, பாய்மரப் படகு. கடலோர ஊர்ப் பிள்ளைகள் இதில் ஆசிரியருக்கே பாடம் நடத்துவார்கள். கடல் மைல் என்பது 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் என்ற வேகம் ஒரு நாட். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இதை மனப்பாடம் செய்வதைவிட ஏன் என்று புரிந்துகொண்டால் மறக்காது. இரவில் இயந்திரக் கப்பல்கள் இரண்டு குறுக்கே வருகின்றன என்று வையுங்கள். உங்கள் வலப்பக்கத்தில் வரும் கப்பலின் சிவப்பு விளக்கு உங்களுக்குத் தெரிகிறது; வழிவிட வேண்டியவர் நீங்கள். அவருக்கு உங்கள் பச்சை விளக்கு தெரியும். அவர் தம் போக்கில் செல்லலாம். நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

இரு கைக்கொடிகளால் எழுத்தெழுத்தாகச் செய்தி அனுப்பும் செமாஃபோரும், கப்பல் மாதிரி செய்வதும் பாடத்தில் உண்டு. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்கான அகில இந்திய நௌசைனிக் முகாமில் இவற்றுக்குப் போட்டிகள் நடக்கும்.

பள்ளிப் பயிற்சி முடித்தால் ஏ சான்றிதழ். பி, சி இரண்டும் கல்லூரியில். தேர்வெழுத 75 சதவீத வருகையும் முகாம் அனுபவமும் கட்டாயம். அறிவில் குறைந்து தோற்பவர்களைவிட வருகை குறைந்து தேர்வுக்கே போக முடியாதவர்கள்தான் பரிதாபத்துக்குரியவர்கள்.

பலன் என்ன? கடற்படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கேரளத்தின் எழிமலை கடற்படை அகாதமிக்கான சி.டி.எஸ். (முப்படை அதிகாரிகளுக்கான எழுத்துத் தேர்வு) அறிவிப்புகளில் கடற்படைப் பிரிவின் சி சான்றிதழ் உடையவர்களுக்கென 6 இடங்கள் தனியாகக் குறிப்பிடப்படுவது வழக்கம். இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டும்; எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகள் தேர்வு வாரியம்) நேர்காணலையும் மருத்துவச் சோதனையையும் தாண்டியாக வேண்டும். சான்றிதழைக் காட்டினால் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வில் சி சான்றிதழுக்கு மொத்த மதிப்பெண்ணில் 5 சதவீதமும், பி-க்கு 3, ஏ-க்கு 2 சதவீதமும் ஊக்க மதிப்பெண் தருகிறார்கள்.

சேர்க்கை பொதுவாகக் கல்வியாண்டின் தொடக்கத்தில் நடக்கும். உங்கள் நிறுவனத்தின் என்.சி.சி. அலுவலரிடம் நேரில் கேளுங்கள். இடங்கள் குறைவு என்பதால் உடல்தகுதி பார்த்துத்தான் எடுப்பார்கள். இடைத்தரகர் எவருக்கும் இதில் வேலை இல்லை.