மெஜந்தா என்றால் வாடாமல்லி

ஜவுளிக் கடையில் போய் "வாடாமல்லி கலர்ல காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார். சரியான சேலையை அடுக்கிலிருந்து உருவி விரித்துப் போடுவார். அதே நிறத்துக்கு அச்சகத்தில் பெயர் மெஜந்தா. பள்ளியில் ஒளிப் பாடத்திலும் மெஜந்தாதான். தமிழில் சொல்கிறேன் பேர்வழி என்று சிலர் அதைக் 'கருஞ்சிவப்பு' என்கிறார்கள், சிலர் 'ஊதா' என்கிறார்கள். இரண்டுமே தப்பு. ஏன் தப்பு என்று தெரிய வேண்டுமானால் அந்த நிறம் பிறப்பதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

மூன்று டார்ச் வேண்டும். பூங்கொத்துக்குச் சுற்றுவார்களே, அந்தக் கலர் கண்ணாடித் தாள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் ஒவ்வொரு துண்டு. டார்ச்சுக்கு ஒன்றாகக் கட்டி, இருட்டறையில் வெள்ளைச் சுவரில் அடியுங்கள். சிவப்பும் பச்சையும் சேரும் இடத்தில் மஞ்சள் தெரியும். பெயின்டில் இந்த இரண்டையும் குழைத்தால் சேற்று நிறம் வரும் என்பதால் முதல் தடவை பார்க்கிற யாரும் நம்ப மாட்டார்கள். பெயின்ட் தன் மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. இரண்டு பெயின்ட் சேர்ந்தால் விழுங்குவதும் கூடும். ஒளியோடு ஒளி சேர்ந்தால் வெளிச்சம் கூடும், அவ்வளவுதான். பச்சையும் நீலமும் சேர்ந்தால் சியான் என்ற பச்சை கலந்த வெளிர்நீலம். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் நம்முடைய வாடாமல்லி. மூன்றும் ஒன்றாக விழும் நடுவில் வெள்ளை. நீலத் தாள் வெளிச்சத்தை நிறையத் தடுக்கும். நிறம் சரியாக வராவிட்டால் அந்த டார்ச்சை மட்டும் சுவருக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டு போங்கள்.

இப்போது மூன்று டார்ச்சையும் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்து, வெள்ளை விழும் இடத்துக்கு முன்னால் கையை நீட்டுங்கள். ஒரு கைக்கு மூன்று நிழல் விழும், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில். பச்சை டார்ச்சைக் கை மறைத்த இடத்தில் மிஞ்சுவது சிவப்பும் நீலமும். ஆகவே அந்த நிழல் வாடாமல்லி. மற்ற இரண்டு நிழல்கள் என்ன நிறம், ஏன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். கருஞ்சிவப்பு என்பது ஒளி குறைந்த சிவப்பு. அதில் நீலம் கிடையாது. மேலும், இரண்டு ஒளி சேர்ந்து இன்னும் பளிச்சென்று ஆன ஒன்றுக்குக் 'கரு' என்ற முன்னொட்டு எப்படிப் பொருந்தும்? ஊதாவின் சிக்கல் வேறு. ஒரு வீட்டிலேயே பாட்டிக்கு ஊதா என்றால் நீலம், பேத்திக்குக் கத்தரிப்பூ நிறம். பாடப்புத்தக ஊதாவோ வானவில்லின் ஓரத்தில் இருப்பது. ஏறத்தாழ 400 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட தனி ஒளி. மெஜந்தாவுக்கு அப்படி ஒரு தனி அலைநீளமே கிடையாது. வானவில்லில் எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது. நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. சிவப்புப் பக்கத்துக்கும் நீலப் பக்கத்துக்கும் உரியவை நன்றாகத் தூண்டப்பட்டு, பச்சைப் பக்கத்துக்கு உரியவை அவற்றைவிடக் குறைவாகத் தூண்டப்படும்போது மூளை காட்டும் நிறம் இது. வானவில்லில் இல்லாத ஒன்றுக்கு வானவில் நிறத்தின் பெயரைச் சூட்டினால் பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

மெஜந்தா என்ற சொல் எங்கிருந்து வந்தது? அது ஓர் ஊர்ப் பெயர். இத்தாலியில் மிலன் நகருக்கு மேற்கே இருக்கிறது. 1859 ஜூன் 4 அன்று அங்கே பிரெஞ்சுப் படையும் சார்டீனியப் படையும் சேர்ந்து ஆஸ்திரியப் படையைத் தோற்கடித்தன. கிட்டத்தட்ட அதே சமயத்தில் பிரான்சின் லியோன் நகரில் வெர்கேன் என்ற வேதியியலாளர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலினைக் கொண்டு ஒரு புதுச் சாயம் செய்தார். ஃபியூசியா என்ற பூவின் நிறத்தில் இருந்ததால் முதலில் அதற்கு ஃபுக்சின் என்று பெயர். போர் வெற்றிச் செய்தி ஊரெல்லாம் பரவியிருந்த நேரம் அது. சீக்கிரமே சாயத்துக்கும் போர்க்களத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. பூவின் பெயரே நிலைத்திருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

நம்மிடம் பூவின் பெயர்தான் இருக்கிறது. வாடா, மல்லி. பறித்துப் பல நாள் ஆகிக் காய்ந்த பிறகும் நிறம் போகாது, அதனால் வாடா. மல்லி என்பது சும்மா செல்லப் பெயர்; அதற்கும் மல்லிகைக்கும் உறவே கிடையாது. முளைக்கீரையும் தண்டுக்கீரையும் சேர்ந்த குடும்பம் அது. பீட்ரூட்டைச் சிவக்க வைக்கும் நிறமி வகைதான் இந்தப் பூவிலும் இருக்கிறது. செடியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், ஆனால் பெயர் நாம் வைத்தது. நெசவாளர், கடைக்காரர், சேலை வாங்குகிறவர் எல்லோருக்கும் அந்தப் பெயரில் ஒரே நிறம்தான் கண்ணில் வருகிறது. கலைச்சொல்லுக்கு வேறென்ன தகுதி வேண்டும்? பாடத்தில் 'வாடாமல்லி நிறம்' என்றே எழுதலாம்.

சியானுக்கு இப்படிக் கச்சிதமான சொல் எனக்குத் தட்டுப்படவில்லை. மயில்நீலம் கிட்டே வருகிறது, ஆனால் சியான் அதைவிட வெளிறியது. 'மயில்கழுத்து' என்று நெசவில் சொல்வது பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமும் ஓடவிட்டு வரும் மினுமினுப்பு. அது வேறு சமாசாரம். இப்போதைக்குச் சியான் சியானாகவே இருக்கட்டும்.

டார்ச் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி. நல்ல பச்சை நிற அட்டை ஒன்றை வெளிச்சத்தில் வைத்து, கண்ணை அசைக்காமல் அரை நிமிடம் அதையே உற்றுப் பாருங்கள். பச்சைக்குரிய கூம்புகள் களைத்துப்போகும். உடனே வெள்ளைச் சுவரைப் பாருங்கள். அட்டையின் வடிவத்திலேயே, வெளிறிய வாடாமல்லி நிறத்தில் ஒரு கட்டம் கொஞ்ச நேரம் சுவரில் மிதக்கும்.